மூன்றாம் முறை வந்த சிறுவன்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நீங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு பங்கு மருந்துக்குப் போகாமல் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்லுகிறோம்.

வயது ஒன்பது. வயிற்று வலி என்று இரண்டு முறை வார்டில் சேர்த்தார்கள். ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. இரண்டு முறையும் கட்டிலருகே நின்று ஜெபித்தோம். "அம்மா சொல் கேட்டு நட, தம்பி" என்று புத்தி சொல்லி, ஒரு கைப்பிரதியும் கொடுத்தோம். தலையை ஆட்டினான். அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது வெகுநாள் கழித்தே எங்களுக்கு உறைத்தது.

செமினரியில் பிரசங்கிக்கக் கற்றோம், கேட்கக் கற்கவில்லை. ஆகவே நாங்களும் குழந்தைகள் வார்டு சிஸ்டர் ஒருவரும் கிறிஸ்தவக் கல்லூரியொன்றில் குழந்தை, குடும்ப ஆலோசனைப் படிப்பில் சேர்ந்தோம். நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி எழுதி வகுப்பில் வாசிக்கவேண்டும். 1925இல் ஆன்டன் பாய்சன் அமெரிக்காவில் இறையியல் மாணவரை மனநல மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று தொடங்கிய பயிற்சியின் வழியில் வளர்ந்த முறை இது. எங்கள் முதல் தாளில் நோயாளி பேசியது நான்கு வரி, நாங்கள் பேசியது இரண்டு பக்கம்! எங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் சும்மா உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

குடும்பப் படம் வரையவும் கற்றோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பகைக்கு நெளிகோடு. மூன்று தலைமுறை ஒரே தாளில். இன்னொன்று எங்களைத் திடுக்கிடச் செய்தது. "யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் காவல்துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்பது 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டம்.

மூன்றாம் முறை அவன் வந்தபோது சிஸ்டர் கிரேயான்களோடு தரையில் உட்கார்ந்தார். நாங்கள் பேசாமல் இருந்தோம், எளிதாக இல்லை. அவன் இரண்டு வாசல் வைத்து ஒரு வீடு வரைந்தான். ஒன்றில் அம்மா, ஒன்றில் பாட்டி, நடுவில் தான்.

"நீ இங்கே என்ன பண்றே?"

"நான்தான் போய்ச் சொல்லுவேன், ஐயா."

அப்பா வளைகுடாவில். மாமியாரும் மருமகளும் பதினொரு மாதமாகப் பேசுவதில்லை. வசவு, கணக்கு, சோறு ஆயிற்றா என்பது வரை எல்லாம் இந்தப் பிள்ளை வாய்வழியே போய்வந்தது.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குவது நெடுங்கால வழக்கம். அதை நினைத்து இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தோம். முதல் நாள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். நான்காம் சந்திப்பில் பாட்டி நேராகவே, "காப்பி குடிச்சியாம்மா?" என்றார்கள். பையன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

வலி முற்றிலும் போய்விடவில்லை. பரீட்சை சமயத்தில் ஒருநாள் வந்தான். சிஸ்டருக்கு இன்னும் ஒரு பருவக் கட்டணம் பாக்கி இருக்கிறது.