இரண்டே முக்கால் மில்லிமீட்டர்



விழா மேடையில் சிறு இரயிலைப் பற்றி ஓர் உரையா என்னும் வியப்பு அவையில் சிலருக்கு எழலாம். ஈண்டுப் பேசப்படுவது கடையில் வாங்கி, சாவி கொடுத்து, வட்டமாக ஓடவிடும் பொம்மை அன்று. மெய்யான இருப்புப்பாதையை அளந்து, என்ஜினையும் பெட்டியையும் நிலையத்தையும் சல்லிக்கல்லையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, சுருக்கிய பின்னும் மெய்யானதைப் போலவே இயங்கச் செய்யும் கலை அது. ‘நுண்ணளவு மாதிரி இருப்புப்பாதை’ என்று அதற்குப் பெயரிடலாம்.

திருவள்ளூர் வட்டாரத்தாருக்கு இதனைக் கேட்கத் தனி உரிமை உண்டு. 1837ஆம் ஆண்டிலேயே செங்குன்றத்தில் சாலைக்கான கல் சுமக்க ஓர் இருப்புப்பாதை இடப்பட்டது. 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. அதே நாளில் இரண்டாவது வண்டி ஒன்றும் இராயபுரத்தினின்று கிளம்பியது. அது வந்து நின்ற இடம் திருவள்ளூர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பாதையில் வண்டிகள் ஓடுகின்றன. ஆயினும் அந்நாளைய திருவள்ளூர் நிலையம் எப்படி இருந்தது, கைகாட்டி மரம் எங்கு நின்றது, நீராவி என்ஜின் தண்ணீர் பிடித்த தூண் எவ்வளவு உயரம் என்று ஒரு சிறுவன் கேட்டால், கையால் தொட்டுக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

அதைக் கட்டிக் காட்ட முனைபவர் முதல் நாளிலேயே ஓர் இடரைச் சந்திக்கிறார். அந்த இடரின் அளவு இரண்டே முக்கால் மில்லிமீட்டர்.

இந்தியாவின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஐந்தரை அடி. அதாவது 1676 மில்லிமீட்டர். டல்ஹௌசி பிரபு ஆறு அடி வேண்டும் என்றார். இறுதியில் ஐந்தரை நிலைத்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் வழங்குவதோ 1435 மில்லிமீட்டர். உலகில் மிகுதியாக விற்கும் மாதிரி இரயில்கள் எச்.ஓ. எனப்படும் அளவின, மெய்யான பொருளில் 87இல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. அந்த அளவிற்குக் கடைகளில் கிடைக்கும் தண்டவாளம் மேனாட்டுப் பாதையைச் சுருக்கியது. ஆகவே அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் ஐந்தரை அடியை மூன்றரையால் பெருக்கினால் வருவது 19.25. இரண்டிற்கும் உள்ள வேறுபாடுதான் 2.75.

‘இதைக் கண்ணால் காண முடியுமா?’ என்று கேட்பவர் உண்டு. காண முடியும். நம் இரயில் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 3245 மில்லிமீட்டர். பாதையின் அகலத்தைப்போல் இருமடங்கிற்குச் சற்றே குறைவு. அதனால்தான் நம் வண்டிகள் தரையில் கால் அகற்றி உறுதியாக நிற்பவைபோல் தோன்றுகின்றன. அதே பெட்டியைக் கடைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றினால் அது பாதையைப்போல் இரண்டேகால் மடங்கு அகன்று, ஒடுங்கிய கால்களின் மேல் பெருத்த உடல் வைத்தாற்போல் ஆகிவிடும். சென்னைப் புறநகர் வண்டியின் வண்ணம் பூசியிருக்கலாம், ‘கும்மிடிப்பூண்டி’ என்று பெயர்ப்பலகையும் மாட்டியிருக்கலாம். நாள்தோறும் அவ்வண்டியில் சென்று வருபவர் அதைக் கண்டதும் ‘ஏதோ சரியில்லை’ என்பார். எது என்று சொல்லத் தெரியாது.

இத்தகைய பிழை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலேயரின் என்ஜின்கள் உருவிற் சிறியவை. அக்காலத்து மின்மோட்டார்கள் அவற்றின் மாதிரிகளுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் எனப் பெருக்கிக்கொண்டு, பாதையைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டனர். அந்தச் சமரசமே அந்நாட்டின் வழக்கமாயிற்று. அதை ஏற்க மறுத்த சிலர் பாதையை 18 மில்லிமீட்டராக்கினர். பின்னர் 1966இல் வேறு சிலர், ‘கணக்கு 18.83 என்றால் 18.83தான்’ என்று முடிவு கட்டி, சக்கர விளிம்பு முதல் தண்டவாளப் பிரிவின் இடைவெளி வரை அனைத்தையும் வரையறுத்து வெளியிட்டனர். புரோட்டோஃபோர் என்று அதற்குப் பெயர். பலர் நகைத்தனர். நகைத்தவர்களின் வண்டிகள் தடம்புரளாமல் ஓடின என்பதும், நுண்ணளவாளர்களின் வண்டிகள் தொடக்கத்தில் அடிக்கடி புரண்டன என்பதும் மறைக்கத் தக்கவை அல்ல.

பின் எதற்காக இந்த வருத்தம்? ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்து சென்ற ராய் இங்கிலண்ட் என்பாரின் வரலாறு இதற்கு விடை தரும். அந்நாட்டுச் சிற்றூர்களின் கூரை வேய்ந்த வீடுகள் அவரை ஈர்த்தன. அவர் கண்முன்னே அக்கூரைகள் பிரிக்கப்பட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள் ஏறின. தடுத்து நிறுத்த அவரால் இயலவில்லை. ஆதலின் அவ்வீடுகளை அளந்து, சுவரின் கல் ஒவ்வொன்றும் தெரிய, அடிக்கு நான்கு மில்லிமீட்டர் அளவில் கட்டலானார். 1954இல் லாங் விட்டன்ஹாம் என்னும் ஊரில் பெண்டன் அருங்காட்சியகம் அவ்வாறு வேர்கொண்டது. அங்கு ஓடும் என்ஜின்கள் பலவற்றைக் கட்டியவர் கை வில்லியம்ஸ். இங்கிலண்ட் 1995இல் மறைந்தார். அச்சிற்றூர்க் காட்சியைக் கட்டும் பணி அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. அவர் அளந்த வீடுகளுட் சில இன்று அம்மேசையின் மேல் மட்டுமே உள்ளன.

நம் நாட்டில் இக்கலையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றவராகப் புனேயின் பாவு ஜோஷியைக் குறிப்பிட வேண்டும். கோத்ரூட் பகுதியில் அவர் உருவாக்கிய சிற்றுருவ இரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரமே அங்கு அமைந்து, விளக்கெரிந்து, வண்டிகள் ஓடுகின்றன. குழந்தைகளோடு புனே செல்வோர் தவறாது காணத்தக்கது. ஆயினும் நம் அகலப்பாதையை அதற்குரிய அகலத்திலேயே அமைப்பது என்பது வேறொரு பணி. அதற்குக் கடைகளில் ஆயத்தப் பொருள் இல்லை.

அப்பணி எவ்வாறு நடைபெறும் என்பதைச் சற்று விரிவாகவே காணலாம். டபிள்யூ.பி. வகை என்ஜினை எடுத்துக்கொள்வோம். 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து முதலில் வந்து, நாடெங்கும் விரைவு வண்டிகளை இழுத்தது. துப்பாக்கிக் குண்டுபோன்ற கூர்முகமும் அதன்மேல் நட்சத்திரமும் உடையது. மூத்தோர் பலருக்கு அது நினைவிருக்கும். அதன் பெருஞ்சக்கரம் ஐந்து அடி ஏழு அங்குலம். மாதிரியில் ஏறத்தாழ 19.5 மில்லிமீட்டர். பொது மாதிரிகளின் சக்கரம் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் தடிப்புடையது. மெய்யளவில் அது ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். சக்கரத்தைத் தண்டவாளத்தில் நிறுத்தும் விளிம்பின் ஆழம், மெய்யளவில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே. தாளின் கனம் மூன்று நான்கு சேர்ந்தால் அவ்வளவுதான். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புற இடைவெளி 18.4 மில்லிமீட்டர், இது சற்றே பிறழ்ந்தாலும் பாதை பிரியும் இடத்தில் வண்டி கவிழும். ஆகையால் கட்டுவோர் அந்த அளவில் ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அச்சையும் அதனால் சோதிக்கின்றனர்.

இத்துணை நுண்ணிய விளிம்பு வேலை செய்ய வேண்டுமெனில் எல்லாச் சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. இவ்வுண்மையைத்தான் என்ஜினின் அடிச்சட்டத்தில் பயன்படுத்துகின்றனர். ஓர் அச்சை நிலையாக வைத்து, ஏனைய அச்சுகளை ஊசலாடும் தண்டின் மேலோ மெல்லிய வில்லின் மேலோ அமர்த்தினால், பாதையில் மயிரிழை மேடு இருந்தாலும் சக்கரம் அதற்கேற்ப ஏறி இறங்கும். மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்தின் வழியே மோட்டாருக்குச் செல்வதால், இவ்வமைப்பினால் வண்டி திக்கித் திணறாமல் ஓடும் என்பது மேலும் ஒரு நன்மை.

இனி இணைப்புத் தண்டுகள். நீராவி என்ஜினின் ஒரு பக்கத்துச் சக்கர முளைக்கும் மறுபக்கத்து முளைக்கும் இடையே 90 பாகை வேறுபாடு உண்டு. ஒரு பக்கம் உந்த இயலா நிலையில் நிற்கும்போது மறுபக்கம் உந்தும். மாதிரியிலும் மூன்று அச்சுகளிலும் அந்த வேறுபாடு ஒன்றேபோல் அமைய வேண்டும். ஓர் அச்சு இரண்டு பாகை தவறினாலும் என்ஜின் சுற்றுக்கொரு முறை நொண்டும். கைதேர்ந்தவர்கள் இந்நிலையில் மோட்டாரைப் பொருத்துவதே இல்லை. அடிச்சட்டத்தை மட்டும் சாய்ந்த கண்ணாடிமேல் வைத்து, தன் எடையாலேயே உருண்டு இறங்குகிறதா என்று பார்க்கின்றனர். உருளாவிடில் பிரித்து மீண்டும் தொடங்குகின்றனர். இதற்கு மாதக்கணக்கு ஆவது அரிதன்று.

உடல் வேலை இதனினும் எளிது. கால் மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்து வடிவெடுத்து, வளைத்து, ஈயம் பற்றவைக்கின்றனர். நுண்ணுறுப்புகளை முப்பரிமாண அச்சில் எடுப்பது அண்மைக்கால வழக்கம். வண்ணம் தீட்டுதல் பற்றி இவ்வவைக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சிறப்பெனப் போற்றப்படும் சேபிள் தூரிகை, கீரி போன்ற ஒரு சிறு விலங்கின் மயிரால் ஆனது. நைலான் இழைத் தூரிகையும் அவ்வேலையைச் செவ்வனே செய்யும். அதையே கேட்டு வாங்கலாம்.

என்ஜின் முடிந்தது என்று எண்ணும்போதுதான் திருத்தும் பணி தொடங்குகிறது. மோட்டாரை மாற்றுவர், பல்சக்கர விகிதத்தைக் கூட்டி நடைவேகத்திலும் மெல்ல ஊரச் செய்வர், எடை போதாவிடில் கொதிகலனுக்குள் ஈயம் நிரப்புவர். 1855இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, பெரம்பூர் பணிமனையில் மீண்டும் உயிர்பெற்ற இ.ஐ.ஆர். 21 என்ஜினைக் கட்ட விரும்புவோருக்கு இவ்வெடைச் சிக்கல் மிகுதி; அதில் உந்தும் சக்கரம் ஒரே இணைதான். ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியே கட்டளையிடும் எண்முறை மின்கட்டுப்பாடு 1990களில் பரவிய பின், பழைய என்ஜின்களைத் திறந்து அதற்குரிய சில்லைப் பொருத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் இதற்கு இடம் ஏது என்னும் கேள்வி நியாயமானது. அகலப்பாதையில் இசைவுபெற்ற மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். 87இல் ஒரு பங்காக்கினாலும் இரண்டு மீட்டர். முழுவட்டம் போட நான்கு மீட்டர் அகலமான அறை வேண்டும். 24 பெட்டி கொண்ட விரைவு வண்டியின் பெட்டிகள் மட்டுமே ஆறு மீட்டரைத் தாண்டும். நம் அடுக்ககங்களில் இது நடவாது. ஆனால் சுவரோரம் ஒரு பலகை, ஓரடிக்குச் சற்று அதிகமான அகலம், மூன்றரை மீட்டர் நீளம் என்றால் நடக்கும். 12 பெட்டிப் புறநகர் வண்டி ஏறத்தாழ மூன்று மீட்டரில் அடங்கிவிடும். பட்டாபிராம் இராணுவக் கிளைப்பாதையோ, அத்திப்பட்டிலிருந்து அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி செல்லும் பாதையோ இதற்கு ஏற்றவை. 58 சரக்குப் பெட்டிகள் தேவையில்லை, 12 போதும். கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். நீளத்தைக் குறைப்பது ஏற்கத்தக்க சுருக்கம். அகலத்தைக் குறைப்பதே பிழை.

சக்கரம் கடைவது யார்? கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் வாயிலில் வேலை முடியும் நேரத்தில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்துக் கடையும் கைகள் அங்கிருந்து நாள்தோறும் மிதிவண்டியிலும் பேருந்திலும் இல்லம் திரும்புகின்றன. வெளிநாட்டினர் பெருவிலை கொடுத்து வாங்கும் நுண்சக்கரத்தைக் கடைவதற்கான அறிவு இவ்வட்டாரத்தில் இருக்கிறது. எதைக் கடைவது என்னும் வரைபடம்தான் அவர்கள் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

காலமும் காத்திராது. கடற்கரை–தாம்பரம் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மீட்டர்பாதை மின்வண்டி 2004இல் நின்றுபோனது. நாள்தோறும் அதில் சென்றவர்கள் இவ்வவையிலும் இருப்பர். அதன் இருக்கை எந்த மரம், கதவின் அகலம் எத்தனை அடி என்று கேட்டால் ஒருவர் சொல்வதை மற்றொருவர் மறுப்பார். திருவள்ளூர்ப் பாதையின் கைகாட்டி மரங்களும் அவ்வாறே. இல்லங்களில் உள்ள பழைய நிழற்படங்களில், திருமணத்திற்குப் புறப்பட்ட உறவினர்களின் பின்னே, நிலையத்தின் ஒரு மூலையோ என்ஜினின் ஒரு சக்கரமோ தற்செயலாகப் பதிந்திருக்கக்கூடும். ஆளின் உயரம் தெரிந்தால் அருகிலுள்ள கைகாட்டியின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அத்தகைய படங்களைக் கிழியுமுன் படியெடுத்து, பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் நலம்.

தொடங்க விரும்பும் இளைஞர் முதலில் என்ஜினை வாங்க வேண்டா. பெரம்பூர் அருகே ஐ.சி.எஃப். வளாகத்து இரயில் அருங்காட்சியகத்திற்கு ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு சென்று, அங்கு நிற்கும் பழைய வண்டியொன்றின் ஒரே ஒரு சக்கரத்தை அளக்கட்டும். பின் வீட்டில் ஒரு மீட்டர் பலகையில், 31.5 மில்லிமீட்டர் நீளக் கட்டைகளை ஏழு மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டி, அவற்றின்மேல் 19.25 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தண்டவாளங்களைப் பதிக்கட்டும். கடையில் வாங்கிய பாதைத் துண்டு ஒன்றையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அறைக்கு வரும் பாட்டனாரிடம் எது திருவள்ளூர்ப் பாதை என்று கேட்கட்டும்.