பாலத்தைத் தகர்த்தது யார்?



'தலைவர்களை எடைபோடுவது எப்படி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஜெயித்த தலைவரை எடைபோடுவதில் சிரமமில்லை. தோற்று, படையோடு பின்வாங்கி ஓடும் நேரத்தில் ஒருவர் எடுத்த முடிவை எடைபோடும்போதுதான் நம் தராசு தடுமாறுகிறது. அதற்கு ஒரு பாலத்தின் கதையைச் சொல்கிறேன்.

1942 பிப்ரவரி. பர்மாவில் ஜப்பானியப் படை ரங்கூனை நோக்கி வருகிறது. குறுக்கே சித்தாங் ஆறு. அதன்மேல் ஒரு ரயில் பாலம். லாரிகளும் போகட்டும் என்று அதில் பலகை பாவியிருந்தார்கள். பின்வாங்கி வந்த பிரிட்டிஷ் தரப்பின் 17ஆவது இந்திய டிவிஷனுக்கு அதுதான் உயிர்வழி. டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஜான் ஸ்மைத், முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். கோழை என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

22ஆம் தேதி விடியுமுன் ஒரு லாரி பலகையை விட்டு இறங்கிச் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. பொழுது விடிந்ததும் ஜப்பானியர் பாலத்தருகே வந்து தாக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பிரிகேடுகளில் பெரும்பகுதி இன்னும் கிழக்குக் கரையில், காட்டுக்குள் சண்டையில் மாட்டியிருக்கிறது.

அன்று இரவு பாலத்தைக் காத்து நின்றவர் பிரிகேடியர் ஹியூ-ஜோன்ஸ். வெடி வைத்த சப்பர்களிடம், அதாவது பொறியியல் படையினரிடம், மின்கம்பி போதுமான நீளம் இல்லை. பாலத்தின் மேலேயே நின்றுதான் வெடியை இயக்க வேண்டும். பொழுது விடிந்து, எதிரியின் குண்டு பாயும்போது அதைச் செய்ய முடியுமா என்று கேட்டார். உறுதி சொல்ல முடியாது என்றார்கள். தலைமையகத்துக்குத் தொலைபேசி போனது. ஸ்மைத் சம்மதித்தார். 23ஆம் தேதி அதிகாலை ஐந்தரை மணியளவில் பாலம் தகர்ந்தது.

அக்கரையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். மூங்கிலைக் கட்டிக்கொண்டும், காலி பெட்ரோல் டின்னைப் பிடித்துக்கொண்டும் ஆற்றில் இறங்கினார்கள். நீந்தத் தெரியாதவர் எத்தனையோ பேர். பிறகு தலை எண்ணியபோது டிவிஷனில் காலாட்படையினர் 3,484 பேர்தான் மிச்சம். அவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் 1,420. பாதிக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி இல்லாமல் கரையேறியிருந்தார்கள்.

ஸ்மைத்தின் பதவி பறிபோனது. மறுபடி ஒரு படையை நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

நண்பர்களே, அடுத்த காட்சியையும் பாருங்கள். மார்ச் 5ஆம் தேதி ஜெனரல் அலெக்சாண்டர் பர்மா படை முழுவதற்கும் புதிய தளபதியாக ரங்கூன் வருகிறார். நகரத்தைக் காக்க எதிர்த்தாக்குதல் நடத்தச் சொல்கிறார். மறுநாளே அது நடக்காது என்று தெரிந்து, வெளியேற உத்தரவிடுகிறார். நகரத்துக்கு வடக்கே தவுக்கியானில் ஜப்பானியர் சாலையை மறித்து நிற்கிறார்கள். தாக்கித் தாக்கிப் பார்த்தும் வழி திறக்கவில்லை. தளபதியோடு மொத்தப் படையும் சிறைப்படும் நிலை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் சாலையில் ஆளைக் காணோம்! ரங்கூனை மேற்கிலிருந்து வளைக்கப் போன ஜப்பானியப் படை, தான் சாலையைக் கடக்கும்வரை பக்கவாட்டுக் காவலுக்குத்தான் அந்த மறியலை வைத்திருந்தது. கடந்ததும் எடுத்துவிட்டது. அலெக்சாண்டர் தப்பினார்; பின்னாளில் ஃபீல்டு மார்ஷலும் ஆனார்.

ஒருவர் அவசரப்பட்டார் என்று பதவியைப் பறித்தார்கள். தாமதித்தவரை அதிர்ஷ்டம் காப்பாற்றியது. அவருக்குப் பதவி உயர்ந்தது. விளைவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் நாம் எடைபோடுவது தலைவரை அல்ல, அவருடைய அதிர்ஷ்டத்தை!

அப்படியானால் எதைப் பார்ப்பது? அந்த விடியற்காலையில் ஸ்மைத்துக்கு என்ன தெரியும், அவர் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். பாலம் முழுசாக எதிரி கையில் சிக்கினால் ரங்கூன் வாசல் திறந்துவிடும். தகர்த்தால் தன் பிள்ளைகளே அக்கரையில். இரண்டுமே கொடிய வழிகள்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வழி இவ்வளவு குறுகும்வரை விட்டது யார்? சித்தாங் ஆற்றுக்குப் பின்னால் முன்கூட்டியே போய் நின்று போராடலாம் என்று ஸ்மைத் கேட்டுக்கொண்டே இருந்தார். முன்னாலேயே நின்று சண்டையிட வேண்டும் என்பது ஜாவா தீவில் இருந்த மேல்தளபதி வேவலின் பிடிவாதம். பின்வாங்க அனுமதி வந்தது பிப்ரவரி 19ஆம் தேதி. பாலம் தகர நான்கே நாள் இருந்தது! ஸ்மைத்திடமும் தவறு உண்டு. பாலத்துக்குப் பலமான காவலை முன்பே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவரை நீக்கிய வேவல் தன் பிடிவாதத்துக்கு என்ன விலை கொடுத்தார்?

பிறகு வந்த ஜெனரல் ஸ்லிம் அந்தப் படையை இந்திய எல்லைவரை நடத்திக் கொண்டுவந்தார். போர் முடிந்து எழுதிய நூலில் தன் தவறுகளைத் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். தலைவரை எடைபோட அதுவும் ஒரு படிக்கல்.

சிப்பாய்களின் கணக்காவது ஏட்டில் ஏறியது. அதே மாதங்களில் நம் சனங்களும் நடந்தார்கள். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடுமாக நடந்து வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் மனைவியோடு நடந்தே வந்தார். அந்த நடையை நூலாகவும் எழுதிவைத்தார். காலராவிலும் பசியிலும் வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அந்த மக்களுக்குக் கப்பலும் சோறும் முன்கூட்டி ஏற்பாடு செய்யாததற்காக எந்தத் தளபதியின், எந்த கவர்னரின் பதவி பறிபோனது?

ஆகவே சொல்கிறேன். கடைசி நிமிடத்தில் பொத்தானை அழுத்தியவரைக் கேள்வி கேளுங்கள், தப்பில்லை. ஆனால் நேரம் இருந்தபோது முடிவெடுக்காமல் இருந்தவரை அதற்கு முன்பே கூண்டில் ஏற்றுங்கள். போருக்கு மட்டுமல்ல, வெள்ளத்துக்கும் கொள்ளைநோய்க்கும் இதுதான் நியாயம்.