எங்க சுபேதார்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பீங்கான் படித்தவன் மெடலைப் பற்றி எதற்குப் பேச வந்தான் என்று நினைப்பீர்கள். நம் சங்கச் செயலாளரும் அதைத்தான் கேட்டார். "பழைய காகிதம் சேர்க்கிற பைத்தியம் சார் எனக்கு, பத்து நிமிஷம் குடுங்க" என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

எங்க தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். இன்று பெங்களூரில் மெட்ராஸ் எஞ்ஜினியர் குரூப் என்கிறார்களே, அதுதான். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. சாயங்காலம் திண்ணையில் வெற்றிலை போட்டபடி ஒரு கதை சொல்வார். "இத்தாலியில எங்க சுபேதார் ஒருத்தரு, பசங்க சாகக்கூடாதுன்னு வெடி மேலயே படுத்துட்டாருடா." பெரியவர் சரடு விடுகிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

சரடு இல்லை. அவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஓட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன கண்ணியின் மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கிய அறிவிப்பு அதே வருஷம் ஜூன் 30 தேதியிட்ட லண்டன் கெஜட்டில் இருக்கிறது. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு, விக்டோரியா கிராஸுக்குச் சமமாக 1940இல் ஏற்படுத்திய விருது அது.

இதைப் படித்தபோது தாத்தா போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. ஓடிப்போய் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பே புக், டிஸ்சார்ஜ் பேப்பர், கடிதங்கள் ஒன்றுமில்லை. அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "செல்லரிச்சுப் போச்சுன்னு நான்தான்டா போகியில போட்டேன்." என்ன சொல்வது அவரை!

மிஞ்சியது ஒரு மெடல், ஒரு போட்டோ. மெடல், பித்தளை நிறத்தில் ஆறு முனை நட்சத்திரம். ரிப்பனில் ஓரங்களில் சிவப்பு, அடுத்து வெள்ளை, நடுவில் பச்சை. இத்தாலி நாட்டுக் கொடியின் நிறங்கள். அதுதான் இத்தாலி ஸ்டார். பின்பக்கம் தாத்தாவின் நம்பரும் பெயரும். இதே நட்சத்திரத்தைப் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்க்குப் பொறித்துக் கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் எந்தக் கம்பெனி என்று அதில் இல்லை. தாத்தா "எங்க சுபேதார்" என்றது கூடவே இருந்ததாலா, படை முழுக்கப் பேசிக்கொண்டதாலா? எரிந்துபோன அந்த பே புக்கில் ஒரு வரி போதும், தெரிந்திருக்கும்.

அன்று பிடித்த பைத்தியம்தான். கெஜட்டையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையப் பதிவுகளையும் இன்று வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் பார்க்கலாம். பல விருதுகளுக்கான சிபாரிசுக் கடிதங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிப்பாயின் பணிப்பதிவுக்கு அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெகார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நம்பர் கையில் இருக்கணும். நம்ம ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள்.

தம்பிகளுக்கு ஒன்று. மெடலைப் புளி, விபூதி போட்டுத் தேய்க்காதீங்க. நம்ம பீங்கான் தேய்த்தால் பளபளக்கும், மெடலில் எழுத்துதான் போகும். காகிதத்தை லேமினேஷன் செய்ய வேண்டாம். போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டில் வயசானவர் இருந்தால் படத்தில் இருப்பது யார் யார் என்று இந்த லீவிலேயே கேட்டு, பென்சிலால் பின்னால் மெதுவாக எழுதுங்கள்.

நான் சொன்ன போட்டோவின் பிரதியை வெளியே டீ கொடுக்கிற மேஜையில் வைத்திருக்கிறேன். கூடாரத்துக்கு முன்னால் பதினோரு பேர். இடமிருந்து இரண்டாவது தாத்தா. நடுவில் நாற்காலியில் இருப்பவர் தோளில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், இரண்டு நட்சத்திரம் தெரிகிறது. சுபேதார்தான். எந்தச் சுபேதார்? பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் யார் வீட்டிலாவது இதே படம் பெயரோடு இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.