கண் இமை ஏன் சரிகிறது?



கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் ரயில் நிலையம் இருக்கிறது. பட்ஜ் பட்ஜ் ரயில் அங்கே நிற்கும். தெற்கு 24 பர்கானா கிராமத்து மக்கள் அதில் வேலைக்கு வருகிறார்கள். மழைக்காலத்தில் அந்தக் கிராமங்களில் பாம்பு பயம் அதிகம். நம் கட்டுவிரியனை அங்கே 'காலாச்' என்பார்கள். இரவில் தரையில் படுத்தவரைக் கடிக்கும். வீக்கம் இராது. வலியும் குறைவு. கொசுக்கடி என்று திரும்பிப் படுப்பவரும் உண்டு. விடிவதற்குள் கண் இமை சரியும். எச்சில் விழுங்க முடியாது. பிறகு மூச்சு திணறும்.

கடித்தது காலில். இமை ஏன் சரிகிறது?

நம் உடம்பு செல்களால் ஆனது. செங்கல்லால் வீடு ஆனதுபோல. ஆனால் செங்கல் பேசாது, செல் பேசும். நரம்புச் செல் சேதி சொன்னால்தான் தசைச் செல் சுருங்கும். நரம்பின் நுனியிலிருந்து ஒரு ரசாயனம் வெளியே வரும். அதன் பெயர் அசிட்டைல்கோலின். அதுதான் சேதி.

அதை வாங்கிக்கொள்ளத் தசைச் செல்லின் மேல் சில புரதங்கள் உண்டு. அவை செல் முழுக்கச் சிதறிக் கிடப்பதில்லை. நரம்பு நுனிக்கு நேர் எதிரே கூட்டமாக நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போடுங்கள். ஒரு பங்கு நீளம், ஒரு பங்கு அகலம். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் சுமார் 10,000 புரதங்கள்! சற்றுத் தள்ளிப் பார்த்தால் வெகு சிலவே.

ஏன் இப்படிக் கூடி நிற்கின்றன? சேதி அதிக நேரம் தங்காது. கண் சிமிட்டுவதற்குள் வேறொரு புரதம் அதை உடைத்துவிடும். அதனால் வந்த இடத்திலேயே பிடித்தாக வேண்டும்.

பாம்பு விஷம் சரியாக அந்த இடத்தைத்தான் தாக்குகிறது. நல்ல பாம்பின் விஷம் இந்தப் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சாவித் துவாரத்தில் மெழுகு அடைத்தாற்போல. கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையும் கெடுக்கும். இரத்தத்தோடு அது உடம்பெங்கும் போகும். இமைத் தசை முதலில் சோரும். மூச்சுத் தசையும் நின்றால் உயிர் போகும்.

கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் அந்த நுண்ணிய இடத்துக்கு எட்டாது. விஷமுறிவு ஊசிதான் மருந்து. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் நம் இருளர்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களது கூட்டுறவுச் சங்கம் உள்ளது. 1978-இல் தொடங்கியது. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி மருந்து செய்கிறார்கள்.

இந்த ஊசி இரத்தத்தில் ஓடும் விஷத்தைப் பிடிக்கும். நரம்பு நுனி கெட்டுவிட்டால் அது தேற நாளாகும். ஆகவே ஊசியைச் சீக்கிரம் போட வேண்டும். மூச்சு நின்றால், ஆஸ்பத்திரியில் இயந்திரம் வைத்து மூச்சு கொடுப்பார்கள். நோயாளி அசையாமல் கிடப்பார். இமையைத் திறக்க முடியாது. போய்விட்டார் என்று அழத் தொடங்காதீர்கள். பக்கத்தில் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.