திரும்ப எழுதலாமா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கிய சின்னஞ்சிறுசுகளைக் கைதட்டி வாழ்த்தினோம். அவர்களுடைய அண்ணன், அக்காள்மார் சிலர் பின்வரிசையில் நிற்கிறார்கள். எஸ்.டி.பி.எம். எழுதி, நினைத்த புள்ளி வராமல், "திரும்ப எழுதவா, வேலைக்குப் போகவா?" என்று தவிக்கிற பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் நான் பேச வந்தேன்.

வீட்டில் என்ன நடக்கிறது? அப்பா கோபப்படுகிறார், அம்மா அழுகிறார். மாமா ஒருவர் வந்து, "சிங்கப்பூருக்கு அனுப்பிடுங்க, மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். முடிவுத் தாளை மட்டும் யாரும் விரித்துப் பார்ப்பதில்லை!

2012-ஆம் ஆண்டு முதல் ஆறாம் படிவம் மூன்று தவணைகளாக நடக்கிறது. முதலிரண்டு தவணைகளில் எந்தத் தாள் காலை வாரியதோ, அதை மட்டும் திரும்ப எழுத வழி உண்டு. இரண்டில் நல்ல புள்ளியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கப் பட்டை கெட்டால் மரத்தையே சாய்ப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 'பி'க்கு 3, 'சி'க்கு 2. நான்கு பாடங்களில் மூன்று 'பி', ஒரு 'சி' என்றால் சராசரி 2.75. அந்த ஒரு 'சி' மட்டும் 'பி' ஆனால் 3.00. பல்கலைக்கழக இடத்துக்குப் போட்டி பலமாக இருக்கையில் இந்தக் கால் புள்ளி சின்ன விஷயமா? ஆனால் நாலு பாடமும் 'சி' என்றால், ஒரு தாளைத் திரும்ப எழுதி மருத்துவம் கேட்பது நடக்கிற காரியமில்லை. அப்போது வேறு துறையைப் பார்ப்பதே புத்தி.

தம்பி, தங்கச்சி, உங்களையும் ஒன்று கேட்கிறேன். போன தடவை இல்லாதது இந்தத் தடவை என்ன இருக்கப் போகிறது? ராத்திரி கடையில் வேலை செய்து, வகுப்பில் தூங்கி விழுந்தீர்களா? மலாய்க் கட்டுரையில் தடுமாறினீர்களா? அது மாறாமல் அதே நோட்டைப் புரட்டினால் அதே புள்ளிதான் வரும்.

"சும்மா ஏன் காத்திருக்கணும், தனியார் கல்லூரியில சேருங்க, பி.டி.பி.டி.என். கடன் இருக்கே" என்று சிலர் வருவார்கள். நல்ல கல்லூரியும் உண்டு. ஆனால் அது உதவித்தொகை அல்ல, கடன். படித்து முடித்ததும் பிள்ளைதான் கட்ட வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். மகன் என்றால் ஒரு வருஷம் பொறுக்கிறோம். மகள் என்றால், "பொம்பளப் புள்ளைக்கு எத்தனை தடவ?" என்கிறோம். இது நியாயமா, அம்மாமாரே?

இன்று இரவே முடிவுத் தாளை எடுங்கள். பிள்ளையையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வாரத்திலேயே ஆறாம் படிவ ஆசிரியரைப் பார்த்து, பதிவுக்குக் கடைசி நாள் எப்போது என்று கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, அப்பாவும் கூடப் போங்கள்.