மூழ்கும் நகரே ஏங்கும் நகர்



2015-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் சென்னையின் தென்பகுதி நீருள் அமிழ்ந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 400 மி.மீ.க்கும் மிகுந்த மழை. செம்பரம்பாக்கத்தினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பெற்றது. அடையாற்றங்கரையில் மாடி வீட்டாரும் குடிசையாரும் ஒருங்கே படகை எதிர்நோக்கி நின்றனர்.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019 சூன் திங்களில் அதே செம்பரம்பாக்கம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கிலும் சேர்த்துக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு நீரும் இல்லை. தாய்மார் நள்ளிரவில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் உந்துக்காக விழித்திருந்தனர். சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி நீர் கொணர்ந்தது. அதற்குப் பெருவிழாவும் எடுக்கப்பெற்றது. ஒரு வண்டி கொணர்ந்தது 25 இலக்கம் இலிட்டர். நெருக்கடியில் குறைத்து வழங்கியபோதும் நகருக்கு நாள்தோறும் செலவானது 50 கோடி இலிட்டருக்கு மேல். இருநூறில் ஒரு பங்குக்கா அத்துணை ஆரவாரம்!

இவ்விரண்டும் இரு வேறு இடர்கள் எனக் கருதுவாருளர். அன்று. இடர் ஒன்றே. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பொழிகின்றது, இஃது இழிந்த அளவன்று. ஆயின் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சின்னாள்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். அதனைத் தாங்கி வைத்துப் பத்துத் திங்கள் உண்ண வேண்டும். தாங்குமிடம் எங்கே?

ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், மடுவின்கரை. நீரைத் தாங்கி நிற்பது தாங்கல். ஆழ்ந்த நீர்நிலை மடு. பெயர் வைத்தவர்கள் மண்ணின் இயல்பறிந்தே வைத்தனர். பொருள் மறந்தோர் மனை வாங்கினர். பொருள் அறிந்தோர் விற்றனர். மாம்பலத்து நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பெற்றுத் தியாகராய நகர் எழுந்தது. அப்பக்கம் ஏரி போயிற்று. 'லேக் வியூ' என்னும் ஆங்கிலப் பெயர் தாங்கிய சாலை மட்டும் இன்றும் இல்லாத ஏரியை நோக்கிக்கொண்டிருக்கின்றது! நுங்கம்பாக்கத்து ஏரியின் கதையும் அதுவே. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்துப் பாடிய வள்ளுவர்க்கு 1976-இல் திறக்கப்பெற்ற கோட்டமும் அவ்வேரி இருந்த இடத்திலேயே நிற்கின்றது. இதனை எடுத்துரைப்பது கோட்டத்தை இகழ்தற்கன்று. தமிழுணர்வுடையாரும் இத்தவற்றுக்குப் புறம்பானவரல்லர் என்பதற்கே.

பள்ளிக்கரணைக் கழுவெளியோ ஒருகாலத்தில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடுவர். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரெல்லாம் அங்கே தங்கிப் பின்னரே கடல் சேரும். அதன்மேல் குப்பை மலையும் சாலைகளும் கணிப்பொறி நிறுவன மாளிகைகளும் ஏறின. 2022-இல் அதற்கு 'இராம்சர்' அறிந்தேற்புக் கிடைத்தபோது அவ்வேற்புக்குள் அடங்கிய பரப்பு 1,248 எக்டேரளவே.

இனி, நெஞ்சு பொறாத செய்தி ஒன்று. 2015 வெள்ளத்திற்குப் பின் 'ஆற்றைக் கவர்ந்தோர்' எனப் பெயர் சூட்டப்பெற்றுக் கரையோர ஏழைகள் பல்லாயிரவர் பெயர்த்தெறியப்பட்டனர். அவர்களிற் பலர் குடியேற்றப்பட்ட இடம் பெரும்பாக்கம். அது யாது? அதே கழுவெளியின் விளிம்பு! வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பத்திருபது கிலோமீட்டர் தொலைவிற் போயின. 2023 திசம்பர்ப் புயல்மழையில் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றோரக் குடிசை கவர்வு. கழுவெளிமேல் நிற்கும் கண்ணாடி மாளிகை வளர்ச்சி. இவ்வகராதியை எழுதியவர் யாரோ!

அரசு ஒன்றுமே செய்திலது எனல் முறையாகாது. வீடுதோறும் மழைநீர் சேர்க்க வேண்டுமென 2003-இல் இட்ட கட்டளை நற்கட்டளை. அதனாற் கிணறுகள் ஊறின. ஆயின் பல வீடுகளில் அக்குழிகள் இன்று மண்ணடைந்து கிடக்கின்றன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகின்றனர். அதற்கு மின்சாரம் பெருமளவு வேண்டும். வானம் விலையின்றித் தருவதைக் கடலில் விட்டுவிட்டு, அக்கடலினின்றே விலை கொடுத்து வடித்தெடுப்பது என்ன கணக்கோ?

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், முதற் பராந்தக சோழன் காலத்தே 'ஏரி வாரியம்' ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றதைக் கூறுகின்றன. முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் அதிற் புகவியலாது. அது பார்ப்பன ஊரவைக்குரிய ஏற்பாடே, நிலமில்லார்க்கு இடமளிக்காததே. அக்குறையைக் களைந்து, கணக்குக் கேட்கும் உரிமையை மட்டும் இன்று வட்டந்தோறும் பெறல் வேண்டும். எந்த ஏரி எத்துணைப் பரப்பினதாயிருந்தது, வரத்துக்கால் எவ்வழிச் சென்றது, கலிங்கினின்று நீர் எங்கே போயிற்று, இன்று அங்கே நிற்பது யாருடைய கட்டடம் என்னும் பட்டியலை அவ்வத் தெருவில் எழுதி வைக்கட்டும். அதனைப் படித்துச் சொல்லும் முதல் உரிமை, பெரும்பாக்கத்தில் முழங்கால் நீரில் நின்றார்களே, அவர்களுக்கே உரியது.