எழுபதில் ஏந்திய தூரிகை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனியில் பணியினின்றும் தொழிலினின்றும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் பெருகி வருகின்றனர். “இனி நமக்கென்ன வேலை இருக்கிறது?” என்று அவர்கள் பெருமூச்செறிவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவர்கள் பொருட்டு, கடல் கடந்த நாட்டுக் கடைக்காரர் ஒருவரின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில், செயின்ட் ஐவ்ஸ் என்னும் துறைமுக ஊர் உள்ளது. அங்கே வாழ்ந்தவர் ஆல்ஃபிரட் வாலிஸ். 1855-ல் பிறந்த அவர், இளமையில் பாய்மரக் கப்பல்களில் உழைத்தார். 1890-ல் அவ்வூரில் கப்பல்களின் பழைய இரும்பு, கயிறு, பாய்த்துணி ஆகியவற்றை வாங்கி விற்கும் கடை வைத்தார். சென்னை வழக்கில் சொன்னால், காயலான் கடை. 1912-ல் கடையை மூடினார். 1922-ல் மனைவியும் மறைந்தார். தனிமைக்குத் துணையாக, ஏறத்தாழ எழுபதாம் வயதில் அவர் தூரிகையை ஏந்தினார்.

ஓவியப் பள்ளியின் வாசலை அவர் மிதித்ததில்லை. கிடைத்த அட்டைத் துண்டுகளே அவருக்குத் திரை. படகுக்குப் பூசும் வண்ணமே வண்ணம். அட்டை கோணலாயிருந்தால் அக்கோணலுக்கு இசையக் கடலையும் கரையையும் அமைத்தார். எது முதன்மையானதோ அதைப் பெரிதாக வரைந்தார். ஆகவே அவர் படங்களில் வீட்டினும் கப்பல் பெரிது. கண்முன் நின்றதையன்று, தம் நினைவில் நின்றதையே தீட்டினார். பாய்மரக் கப்பல்களின் காலம் மறைந்துகொண்டிருந்தது. எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை விரிப்பது என்பதைக் கையால் அறிந்தவர் அவர். அந்தத் தொழிலறிவே அவர் கலைக்கு முதலாயிற்று.

1928-ல் பென் நிக்கல்சன், கிறிஸ்டபர் வுட் என்னும் இளம் ஓவியர் இருவர் அவ்வழியே செல்கையில், அவர் வீட்டுச் சுவரில் அறையப்பட்டிருந்த படங்களைக் கண்டு வியந்தனர். எனினும் புகழ் வறுமையைப் போக்கவில்லை. 1942-ல் மாட்ரன் என்னும் ஊரின் ஏழையர் விடுதியில் அவர் உயிர் நீத்தார். அங்கும் இறுதிவரை வரைந்துகொண்டிருந்தார். இன்று அவர் படங்களைக் கேம்பிரிட்ஜிலுள்ள கெட்டில்ஸ் யார்ட் காட்சிக்கூடம் போற்றிக் காக்கிறது.

அன்பர்களே! வாலிஸைப் போல் புகழ் பெறவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் பெரியோர் நெஞ்சிலும் ஓர் ஊர் இருக்கிறது. ஏற்றம் இறைத்த கிணறு, மாட்டு வண்டிகள் நிரையாய் நின்ற சந்தை, கோடையில் வற்றிய ஏரி ஆகியவற்றை இங்கே பிறந்த நம் குழந்தைகள் கண்டதில்லை. இன்று ஊருக்குச் சென்றாலும் அவற்றுள் பலவற்றைக் காண இயலாது. அவர்களோடு அவ்வூரும் மறைந்துவிட விடலாமா? தச்சுவேலை செய்த கையும், தறி நெய்த கையும், கல்லாவில் கணக்கெழுதிய கையும் வண்ணம் தொடத் தகாதவை அல்ல.

ஆதலின் பேரப்பிள்ளைகளின் வண்ணப்பெட்டியைத் தாத்தா பாட்டியர் முன்னும் வையுங்கள். கோடு கோணினால் நகைக்காதீர்கள், “இது எந்த இடம்?” என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அப்படங்களுக்கென இம்மன்றத்தில் ஒரு சுவரை ஒதுக்குவோம் என்னும் வேண்டுகோளைச் சங்கத்தார் முன் வைத்து அமைகிறோம்.